புதியது எது?

சென்ற மாதம் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்து கேள்வி நேரம். 'எப்படி எழுத ஆரம்பித்தீர்கள்?', 'உங்கள் கதாபாத்திரங்கள் நிஜமா, கற்பனையா?' என்ற வழக்கமான கேள்விகள். இவற்றுக்குப் பதில்கள் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவை கொஞ்சம் வழவழப்பாகக்கூட ஆகிவிட்டன. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், பழைய ஊடகம், புதிய ஊடகம்னு எங்களுக்குப் பாடமே இருக்கு. நீங்க ரெண்டுலயும் எழுதறீங்க. புதுசுங்கறது எது சார்?"

யோசிக்காமல் சொன்னேன்: "காகிதத்தில் வந்தால் பழையது. கைபேசியில் வந்தால் புதியது."

"எங்க வீட்டுல வாரப் பத்திரிகையையே கைபேசியிலதான் சார் படிக்கிறோம். அப்ப அது எது?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். மன்றத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து என்னைக் காப்பாற்றினார். ஆனால் அன்று மாலை கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அந்தப் பெண்ணின் கேள்வி கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். ஒரு மாதம் தாமதம்.

கருவியை வைத்துப் பாகுபாடு செய்வது செல்லாது என்பதை அவள் ஒரே வரியில் காட்டிவிட்டாள். வேகத்தை வைத்துச் செய்யலாமா? தந்தி வந்தபோதே செய்தி குதிரையைவிட வேகமாக ஓடத் தொடங்கிவிட்டது. வானொலி வந்தபோது ஒரே நொடியில் ஊர் முழுக்கக் கேட்டது. அவற்றை இன்று யாரும் புதியவை என்பதில்லை. வாசகன் பதில் சொல்ல முடிகிறது என்பதுதான் புதுமை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் போலிருக்கிறது. வாசகர் கடிதம் என்ற பகுதி இல்லாத தமிழ்ப் பத்திரிகை உண்டா? சில பத்திரிகைகளில் ஆசிரியர் எழுதுவதைக் காட்டிலும் அந்தப் பகுதிதான் சுவாரஸ்யமாக இருக்கும்.

வேறு இடத்தில்தான் தேட வேண்டும். தேட இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது.

1906இல் சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. எழுத்து பாரதியாருடையது. ஆனால் பதிவேட்டில் பொறுப்பாளராக இருந்த பெயர் முரப்பாக்கம் ஸ்ரீநிவாஸன் என்பவருடையது. 1908இல் அரசாங்கம் ராஜத்துரோக வழக்குப் போட்டபோது சிறைக்குப் போனதும் அந்த ஸ்ரீநிவாஸன்தான். பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே அச்சு யந்திரமும் வந்தது. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து 'இந்தியா' இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. (புனைபெயரில் ஒருவர் எழுத, வேறொருவர் தலையில் இடி விழுவது இந்தக் காலத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

இங்கே அச்சிடுவதில் சிரமம் இல்லை. பிரான்ஸின் 1881ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் காலனிகளுக்கும் பொருந்தியது. பத்திரிகை நடத்த அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே எழுதலாம், கேலிச் சித்திரம் போடலாம், அச்சடிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பத்திரிகையின் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில். அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் பிரிட்டிஷ் தபாலில் போக வேண்டும். அரசாங்கம் அச்சு யந்திரத்தை நெருங்க முடியாவிட்டாலும் தபால் பையை நெருங்க முடிந்தது. எல்லைக்கு அப்பால் பத்திரிகை தடுக்கப்பட்டது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. பாரதியாரின் கை ஓயவில்லை, யந்திரமும் பழுதாகவில்லை. வழி அடைபட்டது, அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீட்டுக்கும் போய்வந்திருக்கிறேன். எப்போதும் அதைத் தேசபக்திக் கதையாகவே படித்தேன். மாணவியின் கேள்விக்குப் பிறகு படித்தபோதுதான் அதில் வேறொன்று தெரிந்தது. ஒரு எழுத்து வாசகனை அடைய மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். எழுதுவது ஒன்று, பிரசுரமாவது ஒன்று, போய்ச் சேருவது ஒன்று. முதல் வாசலில் யாரும் காவல் நிற்க முடியாது. இரண்டாவது வாசலில் பத்திரிகை ஆசிரியர் நின்றார். அவருக்குப் பின்னால் முதலாளியும், அவருக்கும் பின்னால் சர்க்காரும். மூன்றாவது வாசலில் தபால்காரரும் கடைக்காரரும்.

நம் காலத்தில் இரண்டாவது வாசலின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இது சின்ன விஷயமல்ல. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 'தமிழ்மணம்' போன்ற திரட்டிகள் அவற்றை ஒரே இடத்தில் கோத்துக் காட்டின. வளைகுடாவில் வேலைக்குப் போனவர், கனடாவில் பனி தள்ளுகிற இலங்கைத் தமிழர், வீட்டு வேலை முடிந்து இரவு பதினோரு மணிக்கு எழுத உட்கார்ந்த பெண் என்று பத்திரிகை அலுவலகத்தின் படியையே மிதித்திராதவர்கள் எழுதினார்கள். அதில் பாதி குப்பை என்று சொல்வார்கள். இருக்கட்டும். வாரப் பத்திரிகைகளில் வந்ததில் எத்தனை பங்கு குப்பை என்று யாராவது கணக்கெடுத்தார்களா? ஆசிரியர் மேஜை என்பது நல்ல எழுத்தை மட்டும் உள்ளே விட்ட மேஜை அல்ல. எந்தச் சாதி, எந்த வட்டாரப் பேச்சு, எந்த மாதிரியான பெண் கதையில் வரலாம் என்று அங்கே எழுதாத விதிகள் பல இருந்தன. நான் முதலில் எழுதிய கதையில் மீனவர் குப்பத்துப் பேச்சை அப்படியே வைத்திருந்தேன். பிரசுரமானபோது அதில் வந்தவர்கள் எல்லோரும் தமிழாசிரியர்களைப் போலப் பேசினார்கள். பழைய மேஜைகளை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு உருகினால் நல்லது.

ஆனால் மூன்றாவது வாசல்? அதில் கதவு இருக்கிறது. முன்னைவிடப் பலமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று எண்ணிக்கொள்கிறோம். நான் ஒரு கட்டுரையைக் கைபேசியில் பதிகிறேன். என்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஆயிரக்கணக்கானவர்களில் அது யார் யார் கண்ணுக்குப் படலாம் என்பதை எங்கோ ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. 'இந்தியா'வின் சந்தாதாரருக்கு அந்த வாரம் பத்திரிகை வராவிட்டால் வரவில்லை என்றாவது தெரிந்தது. தடுத்தவன் யார் என்றும் தெரிந்தது. ஏசுவதற்கு ஒரு பெயர் இருந்தது. இன்று என் கட்டுரை வந்து சேராத வாசகருக்கு, தமக்கு ஒன்று வந்து சேரவில்லை என்பதே தெரியாது.

இன்னொன்றும் உண்டு, யோசிக்க யோசிக்க இதுதான் முக்கியம் என்று படுகிறது. 'இந்தியா'வின் ஒரு இதழை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் அதைத் திருட்டுத்தனமாகப் படித்தவரும் புதுச்சேரியில் திண்ணையில் உட்கார்ந்து பகிரங்கமாகப் படித்தவரும் ஒரே இதழைத்தான் படித்தார்கள். ஒரே கேலிச் சித்திரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அல்லது கோபப்பட்டார்கள். 'இன்றைக்குப் பேப்பர் பார்த்தீர்களா?' என்று ஒருவரை ஒருவர் கேட்க முடிந்தது. இன்று என் கைபேசியில் வருவது எனக்கென்று கட்டிய பொட்டலம். என் மனைவியின் கைபேசியில் வருவது அவளுக்கென்று கட்டிய பொட்டலம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் உட்கார்ந்து இரண்டு ஊர்களைப் படிக்கிறோம். காகிதம், திரை என்ற வித்தியாசத்தைவிட இது பெரிய வித்தியாசம். பத்திரிகையைக் கைபேசியில் படித்தாலும், எல்லோருக்கும் ஒரே இதழாக வருகிறவரை, அது பழைய ஊடகம்தான். மாணவியின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் இன்னொரு ஆசாமி இருக்கிறார். அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கப்பல் போனது, கவர்னர் சொன்னது, கவர்னரின் மனைவி செய்தது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கின்றன. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தால் அந்த மனிதரின் கை நடுங்கியது தெரியும். கவர்னருக்கு வேலை செய்துகொண்டே இரவில் எழுதினார். பிரசுரிக்க நினைத்தாரா? நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது.

இன்றைய முகநூல் பதிவை நாட்குறிப்பு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் ஒப்ப மாட்டேன். தினமும் எழுதுவது, தன்னைப் பற்றி எழுதுவது, கேட்டதையும் கண்டதையும் எழுதுவது எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆனால் பிள்ளைவாள் எழுதிய கையோடு பெட்டியை மூடினார். நாம் எழுதிய கையோடு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டிப் பார்க்கிறோம். அந்த எட்டிப் பார்த்தல் அடுத்த நாள் எழுதும் வாக்கியத்தின் உள்ளே புகுந்துவிடுகிறது. சந்தையில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுத முடியாது.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அதே மாதத்தில்தான் பிள்ளையும் காலமானார். பிடித்தவர்கள் இங்கிருந்த ஓர் அச்சு யந்திரத்தைச் சென்னைக்கு எடுத்துச் சென்றார்கள். அது வேப்பேரியில் பெப்ரீஷியஸ் பாதிரியார் கைக்குப் போய், தமிழ் நூல்கள் அச்சாக உதவியது. யந்திரத்தின் மதிப்பு தெரிந்து அதைக் கொண்டுபோனவர்களுக்கு, ரங்கப் பிள்ளை வீட்டில் கிடந்த கையெழுத்துக் கட்டுகளின் மதிப்பு தெரியவில்லை. 1846இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் படுகிறவரை, எண்பத்தைந்து வருஷம், அவை வீட்டிலேயே கிடந்தன. 1904 முதல் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் வந்தன. தமிழிலே எழுதிய நூல் தமிழிலே அச்சாக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் நம் பிரபஞ்சன் அதற்குள் இறங்கி 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களோடு வெளியே வந்தார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது.

இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, காகிதம் நிலைக்கும்; மின்னெழுத்து அழியும்' என்று முடிப்பது சுலபம். எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான், ஏனென்றால் சொந்தக் காயம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு கதைகளை ஒரு வலைத்தளத்தில் எழுதினேன். ஒருநாள் அந்தத் தளமே இல்லை. பிரதி வைத்துக்கொள்ளாதது என் சோம்பல். ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமானால் யாழ்ப்பாணத்தை நினைக்க வேண்டும். 1981இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்படச் சாம்பலாயின. காகிதமும் ஓலையும்தான் எரிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தார் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேடித் தேடி மின்வடிவத்தில் ஏற்றினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் சங்க இலக்கியத்திலிருந்து இந்த நூற்றாண்டுவரை தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். கூலி வாங்காத வேலை. இங்கே பிரெஞ்சு நிறுவனத்தில் சைவச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. ஓலையைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற ஓர் ஆள் வேண்டும். மின்னெழுத்தைக் கம்பெனிக்காரர் மனமாற்றத்திலிருந்து காப்பாற்றவும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் என் பாட்டி வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள். சோப்பு விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும் அப்படியே இருக்கும். அவள்தான் எங்கள் தெருவின் நூலகம் திட்டம்.

தொடர்கதை என்றதும் என் தொழிலுக்கு வந்துவிட்டேன். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஜெயமோகன் 'வெண்முரசை' 2014 முதல் 2020 வரை நாள்தோறும் தம் இணையதளத்தில் எழுதினார், இருபத்தாறு நாவல்கள். முன்னதற்கு மணியத்தின் படம், பின்னதற்கு ஷண்முகவேலின் படம். வெளிப் பார்வைக்கு ஒரே ஜாதி. வித்தியாசம் கட்டமைப்பில் இருக்கிறது. கல்கிக்கு வாரம் இத்தனை பக்கம் என்று அளவு உண்டு; அத்தியாயத்தின் கடைசி வரி ஏழு நாள் வாசகனைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்காகவே அவருடைய அத்தியாயங்கள் வாசற்படியில் கால் வைத்தபடி நிற்கின்றன. ஜெயமோகனுக்குப் பக்க அளவு கிடையாது. வாசகன் காத்திருக்க வேண்டியது ஒரே ஒரு நாள். ஆகவே ஒரு காட்டை வர்ணிக்க வேண்டுமானால் காடு முடிகிறவரை வர்ணிக்கலாம். சில இடங்களில் அது பெரும் பலம். சில இடங்களில், ஒரு கண்டிப்பான ஆசிரியர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியதும் உண்மை. ஆனால் எந்த வாரப் பத்திரிகையும் அந்த நாவலைத் தாங்கியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய ஊடகம் தமிழுக்குத் தந்த மிகப் பெரிய படைப்பு, பொறுமை இல்லாதவர்கள் என்று நாம் பழிக்கும் வாசகர்களை நம்பி எழுதப்பட்டது. நன்றாகக் கவனித்தால் அவர் அதில் புதிய ஊடகத்தின் ஒரு வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். இடத்தை எடுத்துக்கொண்டார். வாசகனின் கை கதைக்குள் நீள அவர் விடவில்லை.

நான் விட்டேன். அதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குறுநாவலைக் கைபேசி வாசகர்களுக்கென்று எட்டுப் பகுதிகளாக எழுதினேன். முத்தியால்பேட்டையில் தனியாக வசிக்கும் ஒரு விதவைத் தாய். பிரான்ஸில் குடியேறிவிட்ட மகன் வீட்டை விற்றுவிட்டு அவளை அழைத்துப் போக வருகிறான். என் மனத்தில் இருந்த முடிவு: அவள் போவதில்லை. கதவையும் திறப்பதில்லை. நடையில் மகன் பெட்டியோடு நிற்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். கொடூரமான முடிவுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதுதான் சரி.

நான்காம் பகுதி வந்ததும் வாசகர்கள் பேசத் தொடங்கினார்கள். 'அம்மாவை அழ வைக்காதீர்கள் சார்.' 'மகனை வில்லனாக்காதீர்கள், நானும் வெளிநாட்டில்தான் இருக்கிறேன்.' 'அவங்களச் சேர்த்து வைங்க அண்ணா.' நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாம் அன்பான வார்த்தைகள், ஒருவர்கூட மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நான் வளைந்திருக்க மாட்டேன். எட்டாம் பகுதியில் அவள் விமான நிலையத்தில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கிடைத்த பாராட்டு என் பதினொரு புத்தகங்களுக்கும் சேர்த்துக் கிடைத்ததில்லை.

கல்கிக்கும் கடிதங்கள் வந்திருக்கும், மூட்டையாகவே வந்திருக்கும். ஆனால் அந்த வாரத்து அத்தியாயத்துக்கான கடிதம் வந்து சேரும்போது அடுத்த வாரத்து அத்தியாயம் அச்சுக் கோத்து முடிந்திருக்கும். 2001இல் என் முதல் கதைகளில் ஒன்றுக்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் இன்லண்டு லெட்டரில் எழுதியிருந்தார். கதை வந்து ஏழு வாரம் கழித்து என் கையில் கிடைத்தது. முடிவு பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தார். அதை மாற்ற வழி இல்லாததால் நான் அவர் சொன்னதை யோசித்தேன். இப்போது மாற்ற வழி இருந்ததால் யோசிக்காமல் மாற்றினேன். எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவே இருந்த அந்த ஏழு வாரம் தபால் இலாகாவின் திறமைக்குறைவு என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் அந்தக் குறுநாவல் புத்தகமாக வருகிறது. எட்டாம் பகுதியைக் கிழித்துவிட்டுப் பழைய முடிவை எழுதிக் கொடுத்தேன். கதவு திறக்கவில்லை. சென்ற வாரம் ரோமன் ரோலான் நூலகத்து வாசலில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார்; அறுபது வயதிருக்கும். கைபேசியில் படித்தவர். புத்தகம் வருகிறதென்று கேள்விப்பட்டதாகவும், உடன்பிறந்தவளுக்கு ஒரு பிரதி வாங்கித் தரப் போவதாகவும் சொன்னார். முடிவை மாற்றியிருக்கிறேன் என்றேன்.

"அப்படியா? எதுக்குத் தம்பி?"

சொன்னேன். கதவு, நடை, பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுவும் நடக்கக்கூடியதுதான்" என்றார். "ஆனா நான் படிச்சது என்கிட்ட இருக்கு. அதை நீங்க எடுத்துக்க முடியாது, பாருங்க." கைபேசியைத் திறந்து காட்டினார். எட்டாம் பகுதி முழுவதையும் படம் பிடித்து வைத்திருந்தார்.